மில்லக்காவின் முகம்

எங்கள் தெருவில் அவரை மில்லக்கா என்றுதான் கூப்பிடுவோம். நூற்பாலையில் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தவர். அந்த இரைச்சலில் கத்தினாலும் கேட்காது என்பதால், அங்கே பெண்கள் உதட்டைப் பார்த்தே ஊர்க்கதை முழுக்கப் பேசித் தீர்ப்பார்களாம். இரைச்சல் அவர் காதைத் தின்றுவிட்டது. உதடு படிக்கும் பழக்கம் மிச்சம். எதிரே நின்று பேசினால் டாண் டாணென்று பதில் வரும். முதுகைக் காட்டிப் பேசினால் திட்டு விழும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இலவசக் காது பரிசோதனை என்றார்கள். மகள் இழுத்துக்கொண்டு போனாள். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவன் காதில் ஒரு மிஷினைச் செருகி, "சிரிங்கம்மா" என்று சைகை காட்டிப் போட்டோ எடுத்தான். ஃபைலுக்காம். மின்விசிறியும் நாற்காலி இழுபடும் சத்தமும் மண்டையைப் பிளந்தன. பேச்சு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. மில்லக்கா மிஷினைக் கழற்றி அவன் கையிலேயே வைத்துவிட்டு வந்தார்.

மூன்று மாதம் கழித்து, பேப்பருக்குள்ளிருந்து ஒரு நோட்டீஸ் விழுந்தது, அந்தப் பரிசோதனையை நடத்திய காது மிஷின் கடையினுடையது. அதில் மில்லக்கா பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே கொட்டை எழுத்தில்: 'குண்டூசி விழுந்தாலும் இப்போது எனக்குக் கேட்கிறது! – ஓய்வுபெற்ற ஆசிரியை.'

"நான் எப்படிடீ டீச்சரானேன்?"

"விடும்மா. நமக்கென்ன நஷ்டம்?" என்றாள் மகள்.

விட்டுத்தான் இருப்பார். ஆனால் மறுநாள் காலை, தெருக்கோடியில் வாட்ச் ரிப்பேர் பார்க்கும் பெரியவர் வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார்.

"அக்கா, உங்க போட்டோவ கடையில பாத்துட்டுத்தான் வாங்கினேன். பத்து நாளா கொய்ங்குன்னு கத்துது, வேற ஒண்ணும் கேக்கல. உங்களுக்கு நல்லா கேக்குதாமே? எனக்குத்தான் மாட்டத் தெரியலையோ?"

"எங்கிட்ட மிஷினே கெடையாதுய்யா," என்றார் மில்லக்கா. பிறகு செருப்பை மாட்டினார்.

கடை மேனேஜர் சர்க்கரையாகச் சிரித்து நாற்காலி காட்டினார். பாதிப் பேச்சிலேயே மேஜைப் பெண்ணின் பக்கம் தலையை லேசாகத் திருப்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கெழவி செவிடு. ரெண்டு தடவ தலையாட்டி அனுப்பி வை."

"செவிடுதான்டா, குருடில்ல!" என்று மில்லக்கா போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் நின்றார்கள். "என் மூஞ்சியக் காட்டி ஒரு நல்ல மனுஷன ஏமாத்தியிருக்க. யாரக் கேட்டு என் படத்தப் போட்ட?"

அன்றைக்கே மில்லக்கா சொல்லச் சொல்ல மகள் புகார் எழுதினாள். நுகர்வோர் குறைதீர்ப்பு அலுவலகத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். வாட்ச் பெரியவரும் கூட வந்தார். அதிகாரி ஒரு பெண்மணி. மில்லக்காவின் முகத்தைப் பார்த்தே நிதானமாகப் பேசினார்.

"இவங்க உங்ககிட்ட மிஷின் வாங்கின ரசீது இருக்கா?" என்று மேனேஜரைக் கேட்டார்.

"விளம்பரம்னா கொஞ்சம் முன்னபின்ன இருக்கும் மேடம்."

"முன்னபின்னயா?" மில்லக்கா எழுந்துவிட்டார். "இந்தப் பெரியவர் பத்து நாளா தன்மேலதான் தப்புன்னு குமைஞ்சுட்டிருந்தாரு. அதுக்கென்ன சொல்ற?"

அதிகாரி விதிகளைப் புரட்டினார். "பயன்படுத்தாதவங்கள பயன்படுத்தினதா காட்டக்கூடாது. போன காது முழுசா திரும்பும்னு சொல்லக்கூடாது. விக்கிறவங்க டாக்டர் வேஷம் போடக்கூடாது. மூணையும் மீறியிருக்கீங்க."

நோட்டீஸை நிறுத்த வேண்டும், திருப்பித் தருபவர்களிடம் மிஷினை வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுக்க வேண்டும், அதே கொட்டை எழுத்தில் கடை வாசலில் மன்னிப்பு ஒட்ட வேண்டும் என்று உத்தரவானது.

"அதுல மில் தொழிலாளின்னு போடச் சொல்லுங்க," என்றார் மில்லக்கா.

வாட்ச் பெரியவர் பிறகு ஆஸ்பத்திரியில் முறையாகப் பரிசோதித்து வேறு மிஷின் வாங்கினார். அமைதியான அறையில் எதிரே இருப்பவர் பேச்சுக்கு உதவும், கூட்டத்தில் உதவாது என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டாராம். "இவ்ளோதான்னு தெரிஞ்சே வாங்கினேன், மனசு நிம்மதியா இருக்கு," என்றார்.

கடைக்காரர்கள் மன்னிப்பை ஒட்டினார்கள்தான். கதவுக்கு உள்பக்கம், காலண்டருக்குப் பின்னால். மில்லக்கா போய்ப் பார்த்தார்.

"வாசல்னா வெளிய," என்றார்.

அவர்கள் பசை எடுத்துவந்து, நான்கு மூலையும் அழுத்தி ஒட்டி முடிக்கிறவரை, உச்சி வெயிலில் இடுப்பில் கைவைத்து அங்கேயே நின்றார்.