ஆறு மணி ரீடிங்

பேய்க் கதை சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு இளக்காரம். வேலைவெட்டி இல்லாத கூட்டம் என்பேன். இப்போது நானே சொல்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் போன மார்ச் பதினேழாம் தேதி ராத்திரி எங்கள் திருவொற்றியூர் லேபில் நடந்தது நடந்ததுதான்.

பாறையில் தண்ணீர் கசியுமா என்று அளப்பது எங்கள் வேலை. மணலியில் கெமிக்கல் கழிவு கொட்ட இரண்டாவது குழி தோண்டப்போகிறார்கள். அடிப்பாறை கசியாது என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால்தான் தோண்ட முடியும். பாறைத் துண்டை இறுக்கிப் பூட்டி ஒரு பக்கம் தண்ணீரை அழுத்துவோம். மறுபக்கம் மெல்லிய கண்ணாடிக் குழாய். அதில் தண்ணீரை 12-ஆம் கோட்டில் நிறுத்திவிட்டு, எவ்வளவு ஏறுகிறது என்று அரை மணிக்கொரு தரம் காலை ஆறு வரை குறிக்க வேண்டும்.

எவன் குறிக்கிறான்? கெட்டிப் பாறை, அசையவே அசையாது. பத்து மணிக்கே காகிதத்தில் எல்லாக் கட்டத்திலும் 12 என்று நீல மையில் எழுதிவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். அந்தக் குழி வரப்போகிற இடத்துக்குப் பின்தெருவில்தான் என் அக்கா கார்குழலி குடியிருக்கிறாள். தெரிந்துதான் எழுதினேன்.

வாட்ச்மேன் பக்தவச்சலம் எட்டிப் பார்த்தார்.

"டில்லிபாபு சேர்ல குந்திகினு கீறியே நைனா. வேற சேர் போட்டுக்கோ."

டில்லிபாபு, நான் பகல் ஷிஃப்டில் இருந்தபோது ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவன். வீட்டுக் கிணற்றைச் சுத்தம் பண்ண இறங்கி, விஷவாயு தாக்கிச் செத்தான். யோசிக்காமல் கிணற்றில் இறங்குகிற மடையனுக்கெல்லாம் நாற்காலி ஒதுக்க முடியுமா என்று கேட்டேன். பெரியவர் கேட்டுக்குத் திரும்பிப் போனார். கதவைத் தாழிட்டேன்.

1:30. டிக்...

பேனாவை அழுத்துகிற சத்தம். என் பேனா சட்டைப் பையில் இருந்தது. எலி என்று விட்டுவிட்டேன்.

2:00. டிக்...

எழுந்து பார்த்தேன். ஒன்றரை மணிக் கட்டத்தில் 12 அடிக்கப்பட்டிருந்தது. மேலே சிவப்பு மையில் 15. இரண்டு மணிக் கட்டத்தில் 17.

குழாயைப் பார்த்தேன். 17.

கிழவன் குறும்பு என்று திட்டினேன். ஆனால் தாழ் போட்டபடியே இருந்தது. புதுக் காகிதத்தில் மறுபடி 12, 12 என்று எழுதி, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

2:30. டிக்...

எனக்குக் கீழேயிருந்து.

உருவிப் பார்த்தேன். எல்லாம் அடிக்கப்பட்டிருந்தது. இன்னும் வராத மணிகள்கூட. ஆறு மணிக்கு 33.

காகிதம் ஈரம். கெமிக்கல் நாற்றம்.

ஓடினேன். செருப்பைக்கூட எடுக்கவில்லை.

காலை ஆறு மணிக்குப் பக்தவச்சலத்தோடு திரும்பி வந்து, குழாயைப் படிக்கச் சொன்னேன்.

"முப்பத்திமூணுபா."

குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல் அவரே சொன்னார். "டில்லிபாபு வூடு மொதக் குழியாண்ட. அந்தக் குழித் தண்ணிதான் அவன் கெணத்துல எறங்கிச்சாம்."

முதல் குழியின் பழைய ஃபைலைத் தேடி எடுத்தேன். எல்லாக் கட்டத்திலும் 12, டில்லிபாபு கையெழுத்தில். அவனும் எழுதிவிட்டுத் தூங்கியிருக்கிறான். கீழே 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் என் கையெழுத்து. சாப்பாட்டு நேரத்தில், பார்க்காமலே போட்டிருக்கிறேன்.

பிறகு ராத்திரி நான் எழுதிய காகிதத்தின் அடியைப் பார்த்தேன். 'சரிபார்த்தவர்' இடத்தில் சிவப்பு மை. டில்லிபாபு என்று கையெழுத்துப் போட்டு, கீழே அன்றைய தேதியும் எழுதியிருந்தான்.