ஐந்தாவது மணி

சிதம்பரத்தில் நான் படித்த கல்லூரியில் வருடத்துக்கு ஒரு முறை பேச்சுப் போட்டி நடக்கும். தனித்தமிழில்தான் பேச வேண்டும். பிறமொழிச் சொல் வாயில் வந்தால் நடுவர் மேசையிலிருக்கும் பித்தளை மணியை அடிப்பார். ஐந்து முறை அடித்தால் மேடையை விட்டு இறங்கிவிட வேண்டும். அந்த மணியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த வருடத் தலைப்பு 'கடல்'. கடலூர்ப் பக்கத்து மீனவர் வீட்டுப் பெண்ணாயிற்றே என்று என்னைப் பிடித்துத் தள்ளினார்கள். சுனாமி வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அதில் போன என் தங்கையைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறந்ததில்லை. வீட்டிலும் அவள் பேச்சை எடுக்க மாட்டோம். ஒரே ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒத்துக்கொண்டேன்.

விடுதியில் என் அறைத் தோழி, காடாம்புலியூர்க்காரி, நான் எழுதியதை வாங்கிப் படித்தாள். "ஜாஸ்தி, பேஜாரு, டைமு... ஏன்டி, இத்தயெல்லாம் எடுத்துட்டா நீ வணக்கம் மட்டுந்தான் சொல்ல முடியும்" என்று சிரித்தாள். இருவரும் உட்கார்ந்து பொறுக்கி எறிந்தோம். தங்கை வருகிற இடத்தில் மட்டும் தோழியைக் கை வைக்க விடவில்லை.

மேடையில் 'சுனாமி' என்றதும் முதல் மணி. 'ஃபைபர் போட்டு' என்றேன், இரண்டு. 'லாரி', மூன்று. 'ஆஸ்பத்திரி', நான்கு. அங்கே வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள், முகத்தை வைத்து அடையாளம் தெரியவில்லை, தலையிலிருந்த மஞ்சள் கிளிப்பைப் பார்த்துத்தான் என்று சொல்லும்போதே ஐந்தாவது மணி அடித்துவிட்டது. நடுவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

இறங்கி வந்தேன். அழுகை இல்லை, ஆத்திரம். எந்த மொழியிலிருந்து வந்தால் என்ன? அம்மா திருவிழாக் கடையில் வாங்கிக் கொடுத்தபோதும் அது கிளிப்புதான், அவளைப் புதைத்தபோதும் கிளிப்புதான். அதற்கு வேறு பேர் வைக்க இவர் யார்?

போட்டி முடிந்ததும் நடுவர் கூப்பிட்டார். கனிவாகத்தான் பேசினார். "நல்லாத்தாம்மா பேசுன. ஆழிப்பேரலைன்னு சொல்லியிருந்தா ஒரு மணி மிச்சமாயிருக்குமே."

"அன்னிக்கி எங்களுக்கு எந்தப் பேரும் தெரியாதுங்கய்யா" என்றேன். "எங்கம்மா ஒரே ஒரு வார்த்ததான் கத்துனாங்க. ஓடுன்னு. அது சுத்தத் தமிழ்தான். அவ காதுல விழல."