அப்பாவின் சுடாத பாதங்கள்

எழுபதுகளின் கடைசியில், அமெரிக்காவில் டாக்டராக வேலை பார்க்கும் ஆசையில் அந்த நாட்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். வைட்டமின்கள் என் உயிரை வாங்கின. எது குறைந்தால் எந்த நோய் என்று எத்தனை முறை உருப்போட்டாலும் மறுநாள் மறந்துவிடும். கப்பல் மாலுமிகளுக்கு ஈறில் ரத்தம் வந்த கதையை அடி அண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு நான் எதற்குப் படிக்க வேண்டும் என்று எரிச்சலாக வரும்.

பி பன்னிரண்டு வந்த அன்று எரிச்சல் நின்றுவிட்டது. கறி, முட்டை, பால் எதையும் பல வருடம் தொடாதவர்களுக்கு அது குறையும், பாதம் மரத்துப்போகும், கண்ணை மூடி நின்றால் உடம்பு தள்ளாடும் என்று போட்டிருந்தது. அது அப்படியே என் அப்பா.

அம்மா இறந்ததும் அப்பா அவை எல்லாவற்றையும் விட்டுவிட்டார், மோரைக்கூட. சித்திரை வெயிலில், மற்றவர்கள் நிழல் தேடி ஓடும் தார் ரோட்டில், வெறுங்காலோடு நிதானமாக மலையைச் சுற்றி வருவார். "அவருக்குச் சுடாதுங்க, அண்ணாமலையார் அருள்" என்பார்கள் ஊரில். சன்னதியில் கண்ணை மூடினால் ஆடுவார். அதையும் பக்தி என்றே நினைத்தோம்.

ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சந்தேகம் உறுதியானது. விரதம் கெடாது என்று கெஞ்சி, சிவப்பு மருந்தை ஊசியாகப் போட ஆரம்பித்தேன். மகள் டாக்டர் என்ற பெருமையில் கையை நீட்டினார். சில மாதங்களில் முகம் தெளிந்தது, தள்ளாட்டம் நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு மத்தியானம் மலை சுற்றப் போனவர் பாதியில் திரும்பி வந்தார். குழாயடியில் உட்கார்ந்து பாதத்தில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"சுடுதும்மா" என்றார்.

"நல்லதுப்பா. நரம்புக்கு உயிர் வந்துட்டுதுன்னு அர்த்தம்."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "உங்கம்மா போனப்புறம் சாமி எனக்குன்னு குடுத்தது அது ஒண்ணுதாம்மா."

அதன்பிறகு அவர் மலை சுற்றப் போகவில்லை. ஊசிக்கு மட்டும் தவறாமல் கையை நீட்டினார்.

தேர்வில் பி பன்னிரண்டைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. சரியான விடையைக் குறித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.