இரண்டாவது வயலின்

அச்சிட்ட இசைத்தாளைத் தேடித் தருவது புத்தகம் தேடித் தருவது மாதிரி இல்லை. புத்தகம் கேட்டு வருபவர் பேரைச் சொல்வார், இசைத்தாள் கேட்டு வருபவர் மூக்கால் முனகுவார். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன இசை நூலகத்தில் பத்தொன்பது வருஷமாக கேட்லாக் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். வயலின், பியானோ, கிடார் என்று கோடு போட்டு ஸ்வரம் குறித்த தாள்கள் அலமாரி அலமாரியாக உண்டு. எந்த நூலகத்திலாவது இதே நாற்காலியில் உட்கார்ந்து முதுகு போனவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ரப்பர் போட்ட பக்கம்

எங்களிடம் ஒரு விதி உண்டு. திரும்பி வரும் தாளில் பென்சில் குறிப்பு இருந்தால் அழித்துவிட்டுத்தான் அடுக்க வேண்டும். ஒரு திங்கட்கிழமை சேலையூரிலிருந்து கலா என்று ஒரு பெண் வந்தார். அவருடைய தம்பி போன மாதம் ஜி.எஸ்.டி. ரோட்டில் பைக் விபத்தில் இறந்துபோயிருந்தான். கடைசியாக எங்களிடமிருந்து ஒரு பியானோ தாள் எடுத்திருந்தானாம். வீட்டில் யாரோ அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "ஒரு தடவை பார்த்துட்டுக் கொடுத்துடறேன் மேடம்" என்றார்.

அரை நிமிஷத்தில் எண்ணைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டேன். பிரித்த பிறகுதான் நினைவு வந்தது. அதற்கு ரப்பர் போட்டது நான்தான். பக்கம் வெள்ளைவெளேரென்று இருந்தது. கலா தாளை ட்யூப்லைட்டுக்குச் சாய்த்துப் பிடித்தார். பென்சில் போயிருந்தது, அழுத்தி எழுதிய பள்ளம் போகவில்லை. அதில் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். "'மெதுவா'ன்னு எழுதியிருக்கான் மேடம். அவன் எதையுமே மெதுவா செஞ்சதில்ல."

முனகலுக்கு நம்பர் கிடையாது

அதற்கப்புறம் வந்தவர் பிரபாகர். சிறுசேரியில் மென்பொருள் வேலை, மாடம்பாக்கத்தில் வீடு. அவருடைய அம்மா சரோஜாவுக்கு எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஆனால் தினமும் மத்தியானம் ஏதோ ஒரு மெட்டை முனகுகிறார். அது என்ன மெட்டு என்று தெரிந்தால் போதும், அதையே வீட்டில் போட்டுக் காட்டலாமே என்று பிள்ளை அலைந்துகொண்டிருந்தார். சினிமாப் பாட்டு இல்லை, பக்திப் பாட்டும் இல்லை. போனில் பதிவு செய்து கொண்டுவந்திருந்தார்.

எங்கள் கேட்லாக்கில் ஒவ்வொரு தாளுக்கும் அதன் முதல் சில ஸ்வரங்களைப் பதிந்து வைத்திருப்போம். பேர் தெரியாதவர்களுக்காக அந்த ஏற்பாடு. முனகலைக் கேட்டு ஸ்வரமாக்கித் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. சுருதியை மாற்றிப் போட்டேன், அப்போதும் இல்லை. "அம்மாவுக்கு இசை தெரியுமா, எங்காவது கற்றுக்கொண்டார்களா?" என்று கேட்டேன். பிரபாகர் சிரித்தே விட்டார். "எங்க அம்மாவா? கோயில்ல நாலு பேர் பாடினாக்கூட வாயத் திறக்க மாட்டாங்க மேடம்."

இடைவெளி

பதிவை என் போனுக்கு வாங்கிக்கொண்டேன். சாப்பாட்டு நேரத்தில் ஹெட்போன் போட்டுக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டேன். அந்த அம்மா கொஞ்சம் முனகுவார், நிறுத்துவார், மறுபடி ஆரம்பிப்பார். மூச்சு வாங்குகிறது போல என்றுதான் முதலில் நினைத்தேன். என்னை அறியாமல் மேஜையில் விரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. முதல் இடைவெளி பதினாறு தட்டு. அடுத்தது எட்டு. அதற்கடுத்தது மறுபடி பதினாறு. மெட்டு முடிந்து இரண்டாம் முறை தொடங்கியபோதும் அதே இடங்களில் அதே கணக்கு. கையில் இருந்த சோற்றை டப்பாவிலேயே போட்டுவிட்டேன். மூச்சு வாங்குகிறவர் இப்படி எண்ணி நிறுத்தமாட்டார். அந்த இடைவெளிகளில் வேறு யாரோ வாசிக்க வேண்டும்.

இரண்டு வயலின் சேர்ந்து வாசிக்கும் தாள்களில் முதல் வயலினின் தொடக்கத்தை மட்டும்தான் நாங்கள் கேட்லாக்கில் பதிவோம். இரண்டாவது வயலினை யாரும் பதிவதில்லை. கம்ப்யூட்டர் எப்படிக் காட்டும்? பதிவின் கடைசியில், முனகல் நின்ற பிறகு, அந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் ஆயா செல்வியின் குரலும் விழுந்திருந்தது: "அம்மா பாடும்போது பயமில்ல சார். பாடாம குந்திகினு யாரு பாட்டயோ கேட்டுகினு கீது பாரு, அப்பதான் எனக்குக் கையி காலெல்லாம் வெடவெடன்னு ஆவுது."

மாடம்பாக்கத்தில் ஒரு மத்தியானம்

இரண்டு வயலினுக்கான தாள்கள் அறுபது சொச்சம் இருந்தன. ஒவ்வொரு உறையாகப் பிரித்து, இரண்டாவது வயலினை மட்டும் மனசுக்குள் பாடிப் பார்த்தேன். மூன்றாம் நாள் கிடைத்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான பழைய பயிற்சிப் புத்தகம். இரண்டாவது வயலின் முதலில் பதினாறு தட்டு சும்மா இருக்க வேண்டும், அப்புறம் சேர வேண்டும். எனக்கு வயலின் சுமாராக வரும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிரபாகரோடு அவர் வீட்டுக்குப் போனேன்.

சரோஜா அம்மா கட்டிலில் சாய்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்ததைக் கவனித்ததாகவே தெரியவில்லை. முதல் வயலினை வாசிக்க ஆரம்பித்தேன். பதினாறு தட்டு முடிந்தது. சொல்லி வைத்த மாதிரி அவர் குரல் சேர்ந்துகொண்டது. இடது கை விரல்கள் கட்டில் கம்பியின் மேல் ஒவ்வொன்றாக அழுந்தின, தந்தி மேல் அழுந்துகிற மாதிரியே. பக்கம் புரட்டும் இடத்தில் தடுமாறி நான் நின்றுவிட்டேன். அவர் நிற்கவில்லை. தன் பங்கை முடித்து, எட்டு தட்டு காத்திருந்தார். அந்த எட்டு தட்டும் அறையில் ஒரு சத்தமில்லை. செல்வி வாசல்வரை போய்விட்டாள். சரியான இடத்தில் மறுபடி ஆரம்பித்தார், நான் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன்.

முடிந்ததும் தலையை மெல்லத் திருப்பி என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். எட்டு மாதத்தில் முதல் முறையாக, குழறலாக, ஆனால் எல்லோருக்கும் விளங்கும்படி பேசினார். "நீ வசந்தா இல்லையே."

திருப்பிக் கொடுத்த நாள்

வசந்தா என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் யாரையும் தெரியாது. நான் முதல் வயலினைத் தனியாக வாசித்துப் பதிவு செய்து கொடுத்தேன். பிரபாகர் தினமும் அதைப் போட்டுக் காட்டினார். ஒன்றரை மாதம் கழித்து, தலையை மழித்துக்கொண்டு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அந்தக் கோலத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. எழுந்து நின்றேன்.

காரியத்துக்கு வந்த மாமாவிடம் கேட்டாராம். சரோஜாவும் வசந்தாவும் ஹாஸ்டல் பள்ளியில் ஒரே ஸ்டாண்டில் தாளை வைத்து வாசித்தவர்கள். கடைசி வருஷம், ஆண்டு விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் வசந்தா காய்ச்சலில் போய்விட்டாள். சரோஜா வீட்டுக்கு வந்து வயலின் பெட்டியைத் திறக்கவே இல்லை. யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். கல்யாணம், பிள்ளை, ஐம்பது வருஷம், எல்லாவற்றுக்குள்ளும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

கடைசி நாள் எப்படி இருந்தார் என்று கேட்டேன். பிரபாகர் புத்தகத்தை மேஜை மேல் வைத்தார், அப்புறம் அதை நேராக்கினார். "அன்னிக்கு நான் ரெக்கார்டிங் போடவே இல்ல மேடம். அம்மாவே பாடினாங்க, சரியா நிறுத்தினாங்க. அந்த இடைவெளியில முதல் தடவையா சிரிச்சாங்க, எதிர்ல யாரோ நல்லா வாசிச்ச மாதிரி."

அந்த மாத அறிக்கையில் 'நிறைவேறிய தேடல்கள்' என்ற கட்டத்தில் இதை ஒன்று என்றுதான் எழுத முடிந்தது, அதற்கும் ஒரு தாளைத் தேட மூன்று நாளா என்று மேலிடத்தில் விளக்கம் கேட்டார்கள்.