இறக்கிவிடும் வரைக்கும்

நீலக் கையுறை போட்ட ஒரு கையின் மேல் என் மகள் குப்புறக் கிடந்தாள். இன்னொரு கை அவள் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய உதடுகளும் ஏறக்குறைய அந்தக் கையுறையின் நிறத்துக்கு வந்திருந்தன. அந்தக் கைகள் என் அண்ணனுடையவை. ஆனால் செஞ்சியில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற ஆம்புலன்ஸிலிருந்து குதித்தவன், என்னை நேராகப் பார்த்து, "கொழந்தையோட அம்மா யாருங்க? நீங்களா? ஏறுங்க" என்றான். பிறந்ததிலிருந்து என்னைப் 'பாப்பா' என்றும் 'வாடி' என்றும் மட்டுமே கூப்பிட்டவன். எனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

நடந்தது இதுதான். எங்கள் பக்கத்தில் கைக்குழந்தையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது மூக்கிலும் சொட்டு எண்ணெய் விட்டு ஊதுவார்கள். சளி அண்டாது என்பார்கள். கூடாது என்று தடுப்பூசி போட வந்த நர்ஸம்மா சொல்லியிருந்தார். நானும் மாமியாரிடம் சொல்லிப் பார்த்தேன். "உம் புருசனுக்கும் இப்பிடித்தான் ஊத்தினேன். இன்னா கொறைஞ்சி பூட்டான் அவன்? மூக்கு எப்பிடி எடுப்பா இருக்குது பாரு" என்றார் அத்தை. அன்று பிற்பகல் எண்ணெய் உள்ளே இறங்கிய வேகத்தில் குழந்தை வீறிட்டது, குடித்த பால் மேலே வந்தது, பிறகு அழுகை நின்றுவிட்டது. அழுகை நின்றதைவிடப் பயங்கரமான ஒன்றை நான் இதுவரை கேட்டதில்லை. அமாவாசை ஆனதால் கண்ணில் பட்ட ஆட்டோ எல்லாம் மேல்மலையனூர்க் கோயிலுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பக்கத்து வீட்டார் ஆம்புலன்ஸை அழைத்தார்கள். சிறிய ஊர், வந்தது அண்ணன் இருந்த வண்டி.

அண்ணன் நர்ஸிங் படித்துவிட்டு அந்த வேலைக்குப் போனவன். ஆஸ்பத்திரியில் ஒப்படைத்த யாரைப் பற்றியும் அவன் பிறகு விசாரிப்பதில்லை. எங்கள் நைனாவுக்கு இது பிடிக்காது. சனிக்கிழமை தவறாமல் பெருமாள் கோயில் சொற்பொழிவுக்குப் போய், "செய்யறது நம்ம வேல, பலன பகவான்கிட்ட வுட்டுடணும்" என்று வீடு திரும்பியதும் எங்களுக்குச் சொல்பவர் அவர். ஆனால் மகன் சோற்றில் கை வைத்ததும் ஆரம்பித்துவிடுவார்.

"அவலூர்பேட்ட ரோட்ல வுழுந்தவன் பொழச்சிக்கினானாடா?"

"தெரியாது நைனா. எறக்கி வுட்டேன்."

"கொரியர்காரங்கூட கையெழுத்து வாங்கினுதாண்டா வருவான். நீ ஆளையே குடுத்துட்டு சும்மா வர்ற."

"எறக்கி வுடற வரைக்கும்தான் நம்மளுது" என்பான். நாங்கள் சிரிப்போம். பள்ளிக்கூடத்தில் பலன் கருதாத கடமை பற்றிப் பேசி முதல் பரிசு வாங்கியவள் நான். கை தட்டுவார்களா மாட்டார்களா என்று பயந்துகொண்டே பேசினேன். அப்படி ஒருவன் என் வீட்டிலேயே சோறு தின்றுகொண்டிருக்கிறான் என்பது என் புத்தியில் படவே இல்லை.

வண்டிக்குள் அவன் மெல்லிய குழாயை அவள் மூக்கில் விட்டு எண்ணெயும் பாலும் கலந்ததை உறிஞ்சி எடுத்தான். பிராணவாயு வைத்தான். வாய்க்குள் ஏதோ எண்ணிக்கொண்டே இருந்தான். "அண்ணா, பொழச்சிக்குமாண்ணா?" என்று நான் கேட்டுக்கொண்டே வந்தேன். "கொழந்தையோட காலப் புடிச்சிக்குங்க. ஆட்டாதீங்க" என்பது மட்டும்தான் பதில். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் என்ன நடந்தது, என்ன செய்தான் என்று கடகடவென்று சொன்னான். குழந்தையைக் கொடுத்தான். வெளியே வந்து ஸ்ட்ரெச்சரைத் துடைத்தான். அதற்குள் மேல்மலையனூரிலிருந்து அழைப்பு. கூட்டத்தில் ஒரு அம்மா மயங்கி விழுந்துவிட்டாராம். நான் ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"போவாதண்ணா. அது உம் மருமவ."

"உள்ள டாக்டர் இருக்காரு. கைய எடுங்க" என்றான்.

வண்டி போய்விட்டது. என் குழந்தை உயிரோடு திரும்புமா என்று தெரியாமல் ஒரு சுவரோரம் நின்றிருந்தேன். அந்த நிலையிலும் வண்டி போன திசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது இப்போது யோசித்தால் விநோதமாக இருக்கிறது. நைனா வந்து சேர்ந்தார். பலனைப் பகவானிடம் விடச் சொன்னவர், ஒரு கோயில் விடாமல் வேண்டிக்கொண்டிருந்தார். மொட்டை, காவடி, கூழ் என்று அவர் வாய் ஓயவில்லை.

மாலையில் குழந்தையின் மூச்சு சீரானது. கண்ணைத் திறந்து பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அதே ஆம்புலன்ஸ் அந்த மேல்மலையனூர் அம்மாவைக் கொண்டுவந்தது. அவரையும் அண்ணன் அதேபோல் பதறாமல் ஒப்படைப்பதை நான் வராந்தாவிலிருந்து பார்த்தேன். நைனா செருப்புகூடப் போடாமல் அவனை நோக்கி ஓடினார்.

"டேய், கொழந்த..."

"சொல்லாத நைனா!" அண்ணன் தரையைப் பார்த்தபடி கத்தினான். "எட்டு மணிக்கு வர்றேன். இப்ப ஒண்ணுஞ் சொல்லாத."

நைனா வாயைத் திறந்தபடியே நின்றார். ஆம்புலன்ஸ் டிரைவர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்கக்கா. முன்னல்லாம் கேப்பாரு. ஒருவாட்டி கெட்ட சேதி கேட்டுட்டு, அடுத்த கேஸுக்கு ஊசி போட நரம்பே கெடைக்கல அவருக்கு. நல்ல சேதின்னாலும் மனசு இங்கியே நின்னுடுதாம்."

எட்டு மணிக்கு டூட்டி மாறியது. சீருடையைக் கழற்றிவிட்டு வேறு சட்டையில் வந்தவன், வார்டுக்கு வெளியிலேயே நின்றான். அங்கிருக்கும் நர்ஸுகள் எல்லோரும் அவனுக்குப் பழக்கம்; யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வந்திருப்பான் என்று நினைத்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. குழந்தை இல்லாத என் இடுப்பைப் பார்த்தான்.

"இருக்குதா?" என்றான்.

இத்தனை நேரமும் இவனுக்குத் தெரியாது. தெரியாமலேயே மேல்மலையனூர்க் கூட்டத்தில் புகுந்திருக்கிறான், வேறொருத்தியின் நாடியைப் பிடித்திருக்கிறான், இந்த வாசல் வரை வந்து திரும்பியிருக்கிறான். "இருக்குதுண்ணா" என்றேன். அவ்வளவுதான். "பால் குடிச்சிதா? எக்ஸ்ரே எடுத்தாங்களா? காய்ச்சல் கீது இருக்குதா? உன்ன அடையாளம் தெரிஞ்சிதா? சிரிச்சிதா?" என்று பதில் சொல்லவிடாமல் கேட்டுக்கொண்டே போனான். நைனா உற்சாகமாகி, "நீ கொண்டாந்தியே அந்தம்மா, அதுவும்..." என்று தொடங்கினார். அண்ணன் எட்டி அவர் வாயைப் பொத்தினான்.

"அது என் டூட்டி நைனா. இவ என் மருமவ."

பலன் கருதாதவன் என்றால் பலன் வேண்டாதவன் என்றுதான் நான் அதுவரை புரிந்துவைத்திருந்தேன். மனம் மரத்துப்போனவர்களுக்கு அது சுலபம் என்றுகூட நினைத்திருக்கிறேன். இப்போது மகள் வீடெல்லாம் ஓடுகிறாள். அவள் எடை, அவள் தின்ற பருக்கை, தும்மல் என்று நான் ஒவ்வொன்றுக்கும் பயப்படுகிறேன். செய்தது சரியா என்று செய்த பிறகும் நூறு முறை யோசிக்கிறேன். அண்ணனைப் போல் இருக்க எனக்கு வராது. வர வேண்டும் என்று ஆசைப்படவும் பயமாக இருக்கிறது.

மேல்மலையனூரிலிருந்து வந்த அந்த அம்மா மறுநாள் விடிவதற்குள் இறந்துபோனார். அவருடைய மகள் எங்களுக்கு அடுத்த வராந்தாவில்தான் இருந்தாள். அவளுடைய அழுகையைக் கேட்டபடி நான் என் குழந்தைக்குப் பால் கொடுத்தேன். அந்த அம்மாவைப் பற்றி அண்ணன் இதுவரை கேட்கவில்லை. நைனாவும் அதன்பிறகு சோற்று வேளையில் அவனிடம் எதையும் கேட்பதில்லை.