ஓடும் பஸ்ஸில் ஓர் இரட்டைப் பின்னல்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆண்டிறுதி விடுமுறைக்குச் சற்று முந்திய வாரம் அது. நாங்கள் அப்போது வத்தளையில் வாடகைக்கு இருந்தோம். மகள் கொட்டாஞ்சேனையில் ஓர் ஆரம்பப் பாடசாலையில் இரண்டாம் தரம் படித்தாள். அந்த வாரம் முழுக்கப் பாடமே கிடையாது. ஒவ்வொரு நாளும் ஏதாவதொரு கொண்டாட்டம். சரியாக அந்த வாரம் பார்த்துத்தான், நிறைமாதமாக இருந்த என் மனைவிக்கு பிரஷர் கூடி, பிள்ளை பிறக்கும்வரை வார்ட்டிலேயே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சொந்தக்காரர் எல்லோரும் மன்னாரில். மாமி சனிக்கிழமைதான் வந்து சேர முடியும் என்றார். அதுவரை வீட்டில் நானும் மகளும் மட்டும்.

திங்கட்கிழமை வர்ண உடை நாள். மகளின் வகுப்புக்கு மஞ்சள். மஞ்சள் சட்டை எங்கே இருக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்துக் கேட்டு, கசங்கியபடியே போட்டு அனுப்பினேன். மறுநாள் பழ சாலட். பழத்தை வெட்டி டப்பாவில் கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. முழுப் பப்பாசி ஒன்றைப் பையில் வைத்துவிட்டேன். டீச்சர் சிரித்துச் சிரித்து வெட்டினாராம். விளையாட்டுப் போட்டிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய ஓட்டம் முடிந்திருந்தது. மூன்றாவதாக வந்ததாகச் சொன்னாள். ஏன் பிந்தினீர்கள் என்று கேட்கவில்லை.

அந்த வாரம் அவள் எதையுமே கேட்கவில்லை. சின்னப் பிள்ளைகளை வார்ட்டுக்குள் விடமாட்டார்கள். பின்னேரங்களில் கீழே நின்று, மேலே ஜன்னலில் தெரியும் அம்மாவுக்குக் கையாட்டிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு வருவாள்.

வெள்ளிக்கிழமை கலைவிழா. வண்ணத்துப்பூச்சி நடனத்துக்கு, சிவப்பு ரிபன் வைத்து இறுக்கமாக இரட்டைப் பின்னல் போட்டு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு இடுப்புவரை முடி. காலையிலிருந்து நானும் தண்ணீர் தடவி, சீவி, பின்னிப் பின்னிப் பார்த்தேன். கையை எடுத்ததும் அவிழ்ந்துவிடும். அவள் தலையைத் தடவிப் பார்த்தாள். அந்த வாரத்தில் முதல் தடவையாக அழுதாள்.

“அம்மா வரட்டும். அம்மா பின்னினாத்தான் நான் ஆடுவன்.”

பாடசாலையில் ஒரு டீச்சரிடம் கேட்கலாம் என்று நினைத்து, முடியை ரப்பர் பேண்டால் கட்டி, சீப்பையும் ரிபனையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். சரியான சனம். அவள் என் காலைக் கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டே வந்தாள்.

நாங்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்து சீட்டில், கழுத்தில் வேலைத்தல அட்டை தொங்க, ஒரு பெண் இருந்தார். பிள்ளை ஏன் அழுகிறாள் என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தன் மடியிலிருந்த சாப்பாட்டுப் பையைப் பிடித்துக்கொள்ளும்படி என்னிடம் நீட்டினார். மகளைப் பார்த்து, “துவ, மெஹெ எண்ட” என்றார். மகளே, இங்கே வா என்று.

அவளைத் தன் முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி, ரப்பர் பேண்டைக் கழற்றி, நான் கொடுத்த சீப்பால் வகிடு எடுத்தார். பஸ் நெரிசலில் நிற்கும்போது பின்னுவார். ஓடும்போது பின்னியதைக் கை நழுவாமல் பிடித்துக்கொள்வார். டிக்கெட் போட வந்த கொண்டக்டர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மெதுவாக பிரேக் அடிக்கும்படி டிரைவரிடம் குரல் கொடுத்தார். என்ன நடனம் என்று அந்தப் பெண் கேட்க, மகள் தமிழும் சிங்களமும் கலந்து வண்ணத்துப்பூச்சியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். அழுகை எப்போது நின்றது என்று எனக்கே தெரியாது. கடைசியில் சிவப்பு ரிபனையும் கட்டி, காதோரம் பறந்த முடியை அடக்க, தன் தலையிலிருந்த இரண்டு கிளிப்பையும் கழற்றி அவளுக்குக் குத்திவிட்டார். அவருடைய முடி நெற்றியில் விழுந்தது.

கொட்டாஞ்சேனையில் நாங்கள் இறங்க, அவரும் தன் பையை வாங்கிக்கொண்டு இறங்கினார். வேலை இந்தப் பக்கம்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். “நல்லா ஆடுங்க துவ” என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லி, மகளின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, வேகமாக ரோட்டைக் கடந்து போய், நாங்கள் வந்த பக்கமே திரும்பிப் போகும் பஸ்ஸுக்காக நின்றார். மணிக்கூட்டைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது: அவர் இறங்க வேண்டிய இடம், வழியில் பேலியகொடைப் பக்கம் எங்கோ இருக்க வேண்டும், எப்போதோ தாண்டிப் போய்விட்டது. பின்னல் பாதியில் இருந்ததால் இறங்கவில்லை. நான் கூப்பிட வாய் திறப்பதற்குள் பஸ் வந்து மறைத்துவிட்டது. உள்ளேயிருந்து மகளுக்கு மட்டும் கையாட்டினார்.

மகள் அன்று மேடையில் சுற்றிச் சுற்றி ஆடினாள். ஒரு முடிகூட அவிழவில்லை. பின்னேரம், நான் எடுத்த வீடியோவை மனைவிக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“ஆர் இவ்வளவு வடிவாப் பின்னிவிட்டது?”

நான் சொன்னேன். அந்தப் பெண்ணின் பெயரையாவது கேட்டீர்களா என்றாள். கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகன் பிறந்தான். தாயும் பிள்ளையும் சுகம். அதற்குப் பிறகு எத்தனையோ காலைகள் அதே பஸ்ஸில் தேடியிருக்கிறேன், அவரைக் காணவில்லை. ஆனால் இப்போதெல்லாம், பஸ்ஸில் யாருடைய பிள்ளையாவது அழுதால், எனக்கென்ன என்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ள என்னால் முடிவதில்லை.