ஆம்ஸ்டட்ஸ் சிற்றுண்ணி

வெர்லா ஹாஸ்டெட்லர் கண்ணுக்குத் தெரியாத ஒரு புதுச் சிற்றுண்ணிக்கு ஆம்ஸ்டட்ஸ் என்று என் பெயரை வைத்துவிட்டாளாம். பிணத்தின் மேல் கிடைத்ததாம். காலை ஓட்டலில் காபி ஆறிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது. உள்ளூர்ப் பத்திரிகையில் வாரம் தவறாமல் பத்தி எழுதியும் இந்த ஊரில் ஒரு சந்துக்குக்கூட என் பெயர் இல்லை. வெளியே கோபப்பட்டுக்கொண்டு, உள்ளே பூரித்துப்போய், விசாரிக்கக் கிளம்பினேன்.

வெர்லா என்னோடு பள்ளியில் படித்தவள். கவுண்டி நிர்வாகக் கட்டடத்தின் அடித்தளத்தில் அவள் அறை. சந்தேகச் சாவு என்றால் சட்டைத் தூசியும் உடலடி மண்ணும் அவளிடம்தான் வரும். ஈயின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த சிற்றுண்ணி எது, வண்டின் முதுகில் சவாரி வந்தது எது, முன்பே அங்கே குடியிருந்தது எது என்று பிரித்துச் சொல்வாள். வேலை எப்படி என்று கேட்டால், “வருஷக்கணக்கா உண்ணிக் காலை எண்ணிக்கிட்டிருக்கேன். இன்னும் எட்டுதான் வருது” என்பாள்.

அன்று அவள் மேஜையில் இருந்தது கிழவர் ஆரிஸின் சட்டைத் தூசி. ஆரிஸ் தன் வேட்டைக் குடிசையில் செத்துக் கிடந்தவர். சேர்த்துவைத்த தானியத்திலும் உணவிலும் வளரும் சிற்றுண்ணிக் குடும்பம் என்று வெர்லா முதல் பார்வையில் சொன்னதைக் கேட்டதுமே, ஆரிஸோடு வேலித் தகராறில் இருந்த தீவனக் கடைக்காரர் மெர்லை ஷெரீஃப் உள்ளே வைத்துவிட்டார்.

“குடும்பம்னுதான் சொன்னேன். அவங்க அத மெர்ல் குடும்பம்னு எடுத்துக்கிட்டாங்க.”

மெர்ல் வெளியே வருவாரா என்பது இப்போது ஒரு மயிரின் நீளத்தில் தொங்கியது. அமிலத்தில் ஊறிக் கண்ணாடியாகிவிட்ட சிற்றுண்ணியை நுண்ணோக்கியில் காட்டினாள். முதுகு மயிர் குட்டையென்றால் தானியத்து ஆள். நீண்டு இழுபட்டால் பாலாடைக்கட்டி ஆள். எனக்குத் தெரிந்தது என் இமைதான். அவளுக்குத் தெரிந்தது நீள மயிர். ஆரிஸுக்கோ பால் சாமான் எதுவும் ஆகாது.

“கோட்டைக் கழட்டு” என்றாள்.

“எதுக்கு?”

“பிணத்துக்குப் போர்த்தினேன்னு உருகி உருகி எழுதினியே, அந்தக் கோட்டுதானே இது?”

அதுதான். போலீசுக்கு முன்பே செய்தி சேகரிக்கப் போய், மரியாதைக்காகப் போர்த்தியது. அதன் பையிலிருந்து எப்போதோ வைத்த சுவிஸ் பாலாடைக்கட்டித் துண்டொன்றை இடுக்கியால் எடுத்தாள். மேலே மாவு பூத்ததுபோல் இருந்தது. அந்த மாவு நடந்தது. என் சிற்றுண்டியில் பிறந்த சிற்றுண்ணி.

“அப்போ என் பேரு?”

“புது இனமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்கேருந்து வந்ததுன்னு ஷெரீஃப் கேட்டாரு, ஆம்ஸ்டட்ஸ் கோட்டா இருக்கும்னு சொன்னேன். அது குடியிருந்த வீட்டுக்காரர் பேரைச் சொல்லணுமில்ல?”

ஆரிஸ் செத்தது மாரடைப்பில் என்று பிறகு முடிவாயிற்று. மெர்ல் அன்று மாலையே வெளியே வந்துவிட்டார். மறுநாள் நேராக என்னிடம் வந்து, அவர் உள்ளே இருந்தபோது பூட்டாத கூண்டிலிருந்து, ராத்திரியில் திருட வரும் ரக்கூன் ஒரு கோழியைத் தூக்கிப் போய்விட்டதாகவும், அது நன்றாக முட்டையிடும் பழுப்புக் கோழி என்றும் சொன்னார். சனிக்கிழமைச் சந்தையில் நானே பார்த்துப் பொறுக்கி, பழுப்பாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மெர்ல் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சேவல் என்று திருப்பிக் கொடுத்தார். அது என் கார் கொட்டகையில் கூவிக்கொண்டிருக்கிறது. கோழி இன்னும் பாக்கி.